இழுத்த பித்தளை

மேல்மாடியில் ஸிக்மஸ் ருடைட்டிஸ் நடந்துகொண்டிருந்தான். சமையலறைச் சன்னலிலிருந்து அடுப்பு வரைக்கும், அடுப்பிலிருந்து கதவு வரைக்கும், மறுபடி சன்னலுக்கு. நடுமாடியில் குடியிருந்த எனக்கு அந்த நவம்பர் முழுவதும் அவனுடைய பாதங்கள்தான் கடிகாரம். இருபத்து நான்கு வருஷம் உலைக்கு முன்னால் நின்ற கால்கள் அவை. வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை.

வாட்டர்பரியில் அந்த வருஷம் பனி பிந்தியது. மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் நாள் முழுக்க ஓர் ஈரம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. பித்தளை மில்லின் அமிலத் தொட்டிகளைக் கழுவிவிட்ட தண்ணீர் கலந்து ஆறு பச்சையாய் ஓடிற்று. காலை ஆறரைக்கு நான் ஓட்டும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும் மில்லுக்குத்தான் போவார்கள். ஸிக்மஸின் மனைவி அனெலே முன்சீட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஜெபமாலை உருட்டிக்கொண்டே வருவாள். பக்கத்து இடம் ஸிக்மஸ் உட்காரும் இடம். எவ்வளவு கூட்டமானாலும் அதில் யாரும் உட்காரவில்லை. இதை யாரும் பேசி ஏற்பாடு செய்யவும் இல்லை.

நடந்தது இதுதான். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மில் அனுப்பிய லிப்ஸ்டிக் கூடுகளில் ஏழாயிரம் நியூயார்க்கிலிருந்து திரும்பி வந்துவிட்டன. அனுப்பும்போது கண்ணாடிபோல் மின்னியவை, பெட்டியைத் திறந்தபோது கழுத்தோரத்தில் தலைமயிர் கனத்துக்கு விரிசல் விட்டிருந்தன. யாரும் தட்டவில்லை, கீழே விழவில்லை, தானாகவே விரிந்திருந்தன. தகட்டின் எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போனதில் முதலில் சோதித்த பெட்டி நாலாம் உலைப் பித்தளை என்று தெரிந்தது. நாலாம் உலை ஸிக்மஸுடையது. சோதனைக் கூடம் அந்தப் பித்தளைக்குள் இருக்கக் கூடாத ஒன்றையும் கண்டுபிடித்தது. செம்போடு துத்தநாகம் நூற்றுக்கு முப்பது பங்கு சேர்ந்தால் உள்ளே ஒரே வகை நுண்ணிய மணிகள்தான் விளையும், எப்படி இழுத்தாலும் வளைந்து கொடுக்கும். துத்தநாகம் கூடிப்போனால் அந்த மணிகளுக்கு நடுவே வேறொரு வகை முளைத்துவிடும். அது கடினமானது, வளையாது. சோதனைக் கூடத்தார் அதைப் பீட்டா என்பார்கள். நாலாம் உலைக் கூடுகளில் பீட்டா இருந்தது. அறிக்கை முடியும்வரை ஸிக்மஸ் வீட்டில் இருக்கட்டும் என்று மேலாளர் காலஹன் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அனெலே அனுப்பியிருந்த தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். உருளைக்கிழங்கைத் துருவி, பன்றிக் கொழுப்போடு சுட்ட குகெலிஸ் மணம் படியிலேயே எதிர்கொண்டது. மேசையில் நுன்ஸியோ உட்கார்ந்திருந்தான். மூன்றாம் உலைக்காரன், இத்தாலியன், ஸிக்மஸுக்குப் பக்கத்திலேயே பதினாறு வருஷமாக நிற்கிறவன். பொரித்த மிளகாய் ஒரு ஜாடி கொண்டுவந்திருந்தான்.

"வாங்க பஸ்காரரே, உட்காருங்க," என்றாள் அனெலே. "இந்த வீட்டுல உட்காரத் தெரிஞ்ச ஆளைப் பார்த்து நாளாச்சு."

"ஏன், நான் உட்கார்ந்துதானே இருக்கேன்?" என்றான் நுன்ஸியோ.

"நீ உட்கார்ந்தது என் குகெலிஸுக்காக."

"உன் புருஷனுக்காகவும்தான். ஏ ஸிக், நீ நடந்த நடைக்கு இந்நேரம் லித்துவேனியா போய்ச் சேர்ந்திருப்ப. நடுவுல கடல் இருக்கேன்னுதான் யோசிக்கிறேன்."

ஸிக்மஸ் சன்னலிலிருந்து திரும்பினான். "மூணா நாலா, அதைச் சொல்லு நீ. பக்கத்துலதானே நின்ன."

"மூணுதான்."

"பார்த்தியா?"

"பார்க்கல. ஆனா மூணுதான்."

"பார்க்காம எப்படிடா மூணுங்கற?"

"இருபத்தி நாலு வருஷமா மூணு பாளம்தானேய்யா போடற! அன்னிக்கு மட்டும் என்ன, உனக்குக் கல்யாணமா, ஒண்ணு கூடப் போட?"

அனெலே சிரித்துவிட்டாள். ஸிக்மஸ் சிரிக்கவில்லை. அடுப்பு வரைக்கும் போனான்.

உலையில் ஒரு தடவை உருக்குவதற்குத் துத்தநாகம் மூன்று பாளம். ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது பவுண்டு இருக்கும். ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவனுக்கு நடுக்கம் கண்டிருந்தது. உலையில் துத்தநாகம் கொதித்து எழுப்புகிற வெள்ளைப் புகை, வாரம் முழுக்க அதைக் குடிக்கிறவனை ஒன்றும் செய்யாது. ஞாயிறு ஒருநாள் நல்ல காற்றில் இருந்துவிட்டுப் போனால் திங்களன்று பிடித்துக்கொள்ளும். பல் கிட்டும், காய்ச்சல் அடிக்கும், மறுநாள் சரியாகிவிடும். வார்ப்புக் கூடத்தில் அதற்காக யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

"மூணாவதைப் போட்டேன்," என்றான் ஸிக்மஸ், இருபதாவது தடவையாக. "பல்லு தந்தியடிச்சுது. சட்டையை இழுத்து மூடிக்கிட்டுத் திரும்பினேன். கையில ஒரு பாளம் இருந்தது. அதைக் கீழ வெச்சேனா, உள்ள விட்டேனா? அந்த இடத்துலதான் ஒண்ணுமே இல்ல. சுத்தமா வெள்ளையா இருக்கு."

"அப்ப தெரியலன்னு சொல்லிட்டுப் போ. கையெழுத்து எதுக்கு?" என்றான் நுன்ஸியோ.

காலஹன் ஒரு தாள் அனுப்பியிருந்தார். கலவையில் தவறு செய்தது நான்தான், வேலையிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன் என்று இரண்டே வரி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போடாவிட்டால் அறிக்கையை வைத்து அவர்களே நீக்குவார்கள்.

"போட்டா நல்ல பேரோட போகலாம்ங்கறார்."

"போறதுல என்னய்யா நல்ல பேரு?"

"பொய் சொல்லி நிக்கறதுக்கு உண்மையைச் சொல்லிட்டுப் போயிடலாம்."

"உண்மை எதுன்னே தெரியலங்கற," என்றாள் அனெலே. தட்டில் குகெலிஸை வெட்டி வைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "தெரியாததை உண்மைன்னு எழுதிக் குடுத்தா அதுவும் பொய்தான், மனுஷா. உட்கார்ந்து சாப்பிடு."

அவன் நின்றபடியே சாப்பிட்டான்.

மீதிக் கதையைப் பெரும்பாலும் எனக்குச் சொன்னவர்கள் ஸிக்மஸும் அனெலேயும்தான். இருவர் பேச்சும் ஒத்துப்போகாத இடங்களில் அனெலே சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் தன்னைப் பற்றி நல்லதாக எதையும் சேர்த்துச் சொல்கிறவள் அல்ல.

அனெலேக்கு வேலை பேக்கிங் அறையில். நீள மேசை ஒன்று, அதன் தலைமாட்டில் அவள், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேராக நான்கு பெண்கள். இழுக்கும் இயந்திரத்திலிருந்து கூடை கூடையாக வந்து கொட்டும் லிப்ஸ்டிக் கூடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். துடைத்து, மென்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, பக்கத்துக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். துடைப்பதற்கு மில் கொடுத்த எண்ணெய்க் கரைப்பான் கைத்தோலைத் தின்றுவிடும். எல்லோரையும்விட கார்மெலாவைத்தான் அது அதிகம் தின்றது. அவள் புருஷன் கொரியாவுக்குப் போய்த் திரும்பாதவன். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். ஜூலையில் அவளுடைய விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் கசிந்தது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தொட்டால் பிள்ளை சிணுங்குகிறது, என் கை அதற்கு உறுத்துகிறது என்று ஒருநாள் சொன்னாள். அழாமல், துடைத்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் அனெலே ஒரு புட்டி அமோனியா கொண்டுவந்தாள். சூசையப்பர் கோவிலில் பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் பலிபீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளை அவள்தான் துலக்குகிறாள். ஒரு வாளி வெந்நீரில் ஒரு மூடி அமோனியா. தண்டுகள் தங்கம்போல் இருக்கும், அவள் கைக்கும் ஒன்றும் ஆனதில்லை. பித்தளைக்குப் பித்தளை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கூடுகள் முன்னைவிட மின்னின. மேஸ்திரி பார்த்துவிட்டு, பெண்கள் இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுப் போனான். மூன்று வாரத்தில் கார்மெலாவின் கை ஆறிவிட்டது.

அந்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை, மத்தியானச் சங்கு ஊதியதும், அனெலே சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிச் சோதனைக் கூடத்துக்குப் போனாள். அங்கே மிஸ் பிரெண்டிஸ் தனியாக இருந்தாள். நாற்பது வயது, நெடு நெடுவென்ற உருவம், ஆண்பிள்ளைக் கோட்டு. மில்லில் அவளோடு யாரும் அதிகம் பேசுவதில்லை. பித்தளைக்குள் பார்க்கிறவள் நமக்குள்ளும் பார்த்துவிடுவாள் என்று பயந்தார்களோ என்னவோ.

"மிஸ், நான் நாலாம் உலைக்காரனோட பெண்சாதி."

"தெரியும். நீங்க இங்க வரக் கூடாது."

"அதுவும் தெரியும். ரொட்டி கொண்டுவந்தேன். பன்றிக்கறி உள்ள வெச்சுச் சுட்டது."

"லஞ்சமா?"

"லஞ்சம்னா வெண்ணெய் தடவியிருப்பேன்."

மிஸ் பிரெண்டிஸ் சிரித்தாள். அவளும் சரியாகத் தூங்கியவளாகத் தெரியவில்லை. ரொட்டியை வாங்கி ஒரு கடி கடித்தாள், மேசையில் வைத்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அனெலேக்குத் தன் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது.

"உங்களுக்கும் இருப்புக்கொள்ளலையா மிஸ்?"

"இருபது கூடு எடுத்தேன்," என்றாள் அவள். யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவள்போல வார்த்தைகள் வந்தன. "எல்லாம் ஒரே பெட்டியில இல்ல, நாலஞ்சு பெட்டியிலேர்ந்து. இருபதும் விரிஞ்சது. ஏழுலதான் பீட்டா இருக்கு. பதிமூணு சுத்தமான பித்தளை, வேற உலையோடது. அது ஏன் விரியணும்?"

"காலஹன்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஏழு போதும்னுட்டார்."

"பதிமூணு பெரிசா, ஏழு பெரிசா மிஸ்?"

"எனக்கும் உங்களுக்கும் பதிமூணுதான் பெரிசு. காலஹனுக்கு வெள்ளிக்கிழமைதான் பெரிசு. வாங்க, நீங்களே பாருங்க."

அரக்கில் பதித்துக் கண்ணாடிபோல் தேய்த்த ஒரு பித்தளைத் துண்டை எடுத்தாள். ஒரு புட்டியைத் திறந்து கிண்ணத்தில் சில துளி விட்டு, பஞ்சில் தொட்டு அந்த முகத்தைத் துடைத்தாள். மூக்கைக் குத்தி, கண்ணின் ஓரத்தைச் சுட்டு, அந்த வாசனை எழுந்தது. அனெலேக்கு அது சனிக்கிழமை வாசனை. மெழுகும் பழைய தூபமும் மட்டும்தான் அதில் இல்லை.

"நீங்களும் இதுலதான் கழுவறீங்களா மிஸ்?"

"கழுவறதுக்கு இல்ல. பளபளன்னு இருந்தா உள்ள ஒண்ணும் தெரியாது. அமோனியா, மணிக்கும் மணிக்கும் நடுவுல இருக்கிற சந்தைப் பார்த்துக் கடிக்கும். கடிச்சாத்தான் கோடு தெரியும்." பஞ்சோடு அவள் கை நின்றது. "நீங்களும்னா?"

"கோவில்ல," என்றாள் அனெலே. "மெழுகுவர்த்தித் தண்டு."

"ஓ. அது வார்த்த பித்தளை. நூறு வருஷம் கழுவினாலும் ஒண்ணும் ஆகாது, சும்மா இருக்கும். இந்தக் கூடு இழுத்த பித்தளை. தட்டையா இருந்ததை இழுத்து இழுத்துக் குழலாக்கினது. மேல பார்க்கச் சமத்தா நிக்குது, உள்ள திமிறிக்கிட்டே இருக்கு. எங்க விடும்னு பார்த்துக்கிட்டே இருக்கும்."

அனெலே குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கல் பாவிய தெருபோல இருந்தது. கல்லும் கல்லும் சேரும் இடத்தில் மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகளிலேயே தடம் பிடித்துக் கறுப்பாய் ஒரு விரிசல் போயிற்று. ஓரிடத்தில் வேறு நிறத்தில் ஒரு தீவு கிடந்தது.

"அதுதான் பீட்டா," என்றாள் மிஸ் பிரெண்டிஸ். "அவர்தான் காரணம்னா விரிசல் அதைத் தேடிப் போகணும். போகுதா?"

போகவில்லை. தீவைத் தொடாமல் பக்கத்துச் சந்தில் திரும்பிப் போயிற்று.

அனெலே டப்பாவை மூடினாள். நன்றி சொன்னாள். கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்றது எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கார்மெலாவின் கையையும் ஸிக்மஸின் நடையையும் மாறி மாறி நினைத்ததாகச் சொன்னாள். பிறகு திரும்பி வந்தாள்.

"மிஸ், நான் பொய் சொல்லல. ஆனா முழுசாச் சொல்லல."

எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, மூடி, ஜூலை மாதம், பெட்டியில் அடுக்கும்போது கூடுகள் சில நாள் முழுசாகக் காய்ந்திருக்காது என்பதையும். மிஸ் பிரெண்டிஸ் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து அடியில் அமோனியா ஊற்றினாள். இயந்திரத்திலிருந்து நேராக வந்த, யாரும் துடைக்காத இரண்டு கூடுகளை நூலில் கட்டி, அமோனியாவைத் தொடாதபடி தொங்கவிட்டாள். ஒன்று மீந்திருந்த நாலாம் உலைத் தகட்டில் இழுத்தது, ஒன்று இரண்டாம் உலையுடையது. ஜாடியை மூடினாள்.

"நாளைக்குக் காலைல வாங்க. எதுவும் ஆகாமலும் இருக்கலாம்."

"ஆகும் மிஸ்," என்றாள் அனெலே.

ஆகியிருந்தது. வியாழன் காலை, வேலைச் சங்குக்கு முன்னால், இரண்டு பேரும் ஜாடியைச் சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். இரண்டு கூடுகளின் கழுத்திலும் அதே தலைமயிர்க் கோடு.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் மிஸ் பிரெண்டிஸ், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "அந்த உலைப் பித்தளையை அளந்து பார்த்துட்டேன். உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு நாலு பாளம்தான் போட்டிருக்கார். துத்தநாகம் கூடினா அமோனியா கடிக்கிறதும் கொஞ்சம் சுலபம். அதையும் நான் எழுதத்தான் வேணும்."

"எழுதுங்க. உள்ளதை எழுதுங்க."

"யாரு அமோனியா கொண்டுவந்ததுன்னு எழுத மாட்டேன். அது என் வேலை இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு அறிக்கை போகும்."

"அதுக்கு முன்னால நானே காலஹன்கிட்டப் போய்ச் சொல்லிடறேன்."

பேக்கிங் அறைக்குப் போனதும் அனெலே முதலில் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். நான்கு பெண்களும் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். நாளைக்குத் தான் போய்ச் சொல்லப்போவதையும் சொன்னாள்.

"நீங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டா, அனெலே ஊத்தினா, அனெலே துடைச்சா. அவ்வளவுதான்."

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கூடு, நீங்க ஒத்தை ஆளா?" என்றாள் லொரெய்ன். கனடாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், நாக்கு சும்மா இருக்காது. "காலஹனுக்குக் கணக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? உங்களுக்கு என்ன எட்டுக் கையா?"

"கன்னத்துல ஒண்ணு வெக்கறதுக்கு ஒரு கை போதும். வேலையைப் பாருடி."

கார்மெலா தன் கண்ணிலிருந்து வழிந்தது மேசையில் விழாமல் இருக்க முழங்கையால் துடைத்துக்கொண்டாள். கை நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போதே அனெலேக்கு நடை கேட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

"நாலு."

ஸிக்மஸ் நின்றான். "என்ன?"

"நாலு பாளம். அளந்து பார்த்துட்டாங்க."

"நாலா?"

"நாலு."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக மேலே சத்தம் நின்றது எனக்குக் கீழே கேட்டது. கெட்ட செய்திதான். ஆனாலும் தெரிந்துவிட்டது. அவனுடைய ஞாபகத்தில் வெள்ளையாய் இருந்த இடத்தில் ஒரு பாளம் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அப்ப கையெழுத்துப் போட்டுடறேன்," என்றான், ஏறக்குறைய நிம்மதியாக.

"போடாத. விரிஞ்சது உன்னால இல்ல, என்னால." அனெலே எதிரே உட்கார்ந்து ஜாடியைப் பற்றிச் சொன்னாள், வாளியைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே வந்தான். முடிந்ததும் எழுந்து மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

"அப்ப போட்டுத்தான் ஆகணும்."

"என்னது?"

"நான் போறதுன்னு ஏற்கெனவே முடிவாயிடுச்சு. எதுக்கு இன்னும் அஞ்சு பேரு? அந்த கார்மெலாப் பொண்ணு கைக்குழந்தைக்காரி. நான் போட்டுட்டேன்னா யாரும் வாளியைப் பத்திக் கேக்கப் போறதில்ல."

"உன்னை யாரு தியாகியாகச் சொன்னா? உங்க அம்மாவுக்கு நான் கடிதாசு எழுதும்போது, 'உங்க பிள்ளை உலையை விட்டுட்டு வானத்துக்கு ஏறிட்டார்'ன்னு எழுதட்டுமா?"

"நான் நாலு போட்டது நெசம்தானே!"

"நெசம். அதைச் சொல்லு. நாலு போட்டேன்னு சொல்லு. ஏழாயிரம் கூட்டை உடைச்சேன்னு சொல்லாத, அது உன்னுது இல்ல. அது என்னுது, குடு."

"நீ மட்டும் ஒத்தையாச் செஞ்சேன்னு சொல்லப் போறியே, அது பொய்யில்லையா?"

அனெலே கொஞ்சம் யோசித்தாள். "புட்டி என்னுது. வாளி என்னுது. செய்ங்கன்னு சொன்னது நான். அவங்களுது கை மட்டும்தான்," என்றாள். "அப்பவும் நான் பொய்தான் சொல்றேன்னு ஆண்டவர் நினைச்சா, அவர்கிட்ட நான் தனியாப் பேசிக்கறேன்."

அதற்குமேல் அன்று அவர்கள் அதைப் பேசவில்லை. வெந்நீரில் உப்பைப் போட்டு அவன் பாதங்களை வைக்கச் சொன்னாள். நடந்து நடந்து குதிகாலில் கொப்பளம் விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸிக்மஸ் பஸ்ஸில் ஏறினான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான். பக்கத்து இடத்தில் உட்கார்ந்து மனைவியின் சாப்பாட்டு டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது பின்சீட்டிலிருந்து நுன்ஸியோ மட்டும், "கோட்டைப் பார்த்தா யாரையோ அடக்கம் பண்ணப் போறவன் மாதிரி இருக்கடா," என்றான்.

ஒன்பதரைக்கு இருவரும் காலஹன் மேசைக்கு முன்னால் நின்றார்கள்.

"நான் அன்னிக்கு நாலு பாளம் போட்டேன்," என்றான் ஸிக்மஸ்.

"விரிஞ்சதுக்குக் காரணம் அது இல்ல. நான் அமோனியாவுல துடைச்சேன்," என்றாள் அனெலே.

"நான் முதல்ல பேசிடறேன்னு சொன்னேன்ல," என்றான் அவன் அவளிடம்.

"பேசிட்டியே. முடிஞ்சுதுல்ல?"

காலஹன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "மூணு வாரமா இந்த மில்லுல ஒருத்தரும் எதுவும் செய்யல," என்றார். "யாரைக் கேட்டாலும் நான் இல்ல, நான் இல்ல. இன்னிக்கு என்னடான்னா புருஷனும் பெண்சாதியும் நான் நான்னு சண்டை போடறீங்க. உங்க ஊர்ல இதுக்கு ஏதாவது பரிசு குடுப்பாங்களா?"

மிஸ் பிரெண்டிஸ் அறிக்கையோடு வந்தாள். ஜாடியையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். காலஹன் நூலைத் தூக்கி இரண்டு கூடுகளையும் விளக்குக்கு நேரே பிடித்து வெகு நேரம் பார்த்தார். வாசனைக்கு மூக்கைச் சுளித்தார். பிறகு அந்த இரண்டு வரித் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"திங்கட்கிழமை வந்துடு ஸிக். பாளத்துக்கு எச்சரிக்கை எழுதித்தான் தருவேன். இனிமே நாலு உலைக்கும் பாளம் போடப் போடச் சுவத்துல சாக்பீஸ்ல கோடு போடணும். திங்கட்கிழமை நடுக்கம் வந்தா வாயைத் திறந்து சொல்லணும். சொல்லாம உலையில நின்னேன்னா நானே தள்ளிவிடுவேன்." அனெலே பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "மிஸஸ் ருடைட்டிஸ், கேக்காம கொள்ளாம ஒரு புட்டியைக் கொண்டுவந்திருக்கீங்க. ஏழாயிரம். நான் மேல என்ன சொல்றது? அந்த மேசையில இருந்தவங்களை அப்படியே வேலையை விட்டு அனுப்பிட்டேன்னுதான் சொல்லணும்."

"மேசையில நான்தான். நான் ஒருத்திதான் துடைச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கதவைத் தட்டாமலே லொரெய்ன் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், தலையில் வேலைத் துணி கட்டியபடியே, ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டிக்கொண்டு.

"நாங்களும் துடைச்சோம்," என்றாள் லொரெய்ன். "இவங்க பொய் சொல்றாங்க. இவங்களுக்கு ரெண்டு கைதான்."

"உங்களை யாரு கூப்பிட்டா?" என்று காலஹன் கத்தினார்.

"யாரும் கூப்பிடல. அந்தக் கரைப்பானை வெச்சுட்டுப் போனப்பவும்தான் யாரும் எங்களைக் கேக்கல. ஒரு வாரம் நீங்க உங்க கையை அதுல முக்கிப் பாருங்க மிஸ்டர் காலஹன். உங்க வீட்டம்மா உங்களைத் தொட விடமாட்டாங்க."

ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் பிரெண்டிஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "சூடான சோப்புத் தண்ணி போதும். நல்லாக் காயவெச்சு அடுக்கணும். அதோட, இழுத்த உடனே லேசாச் சுட்டு எடுத்தா உள்ள திமிறல் அடங்கிடும். இதை நான் போன வருஷமே எழுதிக் குடுத்தேன்."

காலஹன் பென்சிலை மேசையில் போட்டார். வெளியே கிறிஸ்துமஸ் ஆர்டருக்கான கூடைகள் வரிசையாய்க் காத்திருந்தன. ஒருத்தியை அனுப்பலாம். நான்கு பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டு அவற்றை யார் துடைப்பது? அது அவருக்கும் தெரிந்தது, லொரெய்னுக்கும் தெரிந்தது.

"இனிமே மேசைத் தலைமாட்டுல நீங்க உட்கார வேண்டாம்," என்றார் அனெலேயிடம். "மத்தவங்க மாதிரி பக்கத்துல உட்காருங்க. இன்னொரு தடவை எந்தப் புட்டியையாவது பார்த்தேன்னா, கோவில் புட்டியா இருந்தாலும் சரி… போங்க. எல்லாரும் போங்க!"

ஒன்பது வருஷம் உட்கார்ந்த இடம். அனெலே சரி என்று தலையாட்டினாள். ஸிக்மஸ் அவள் முழங்கையைத் தொட்டுவிட்டு, வாசல் பக்கம் போனான். அவனுக்கு அன்று அங்கே வேலை இல்லை.

தாழ்வாரத்தில் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பயம் விட்டுப்போன சிரிப்பு. அதற்கு நடுவே லொரெய்ன் நின்று, முகம் சிவக்கச் சொன்னாள்:

"கார்மெலா வரல. கூப்பிட்டுப் பார்த்தோம், குனிஞ்ச தலை நிமிரல. யாருக்காக இதையெல்லாம் ஆரம்பிச்சீங்களோ அவ வரல. பார்த்துக்குங்க."

அனெலே நின்றுவிட்டாள். "வரலையா?"

"வரல."

அந்த மாதம் முழுவதும் இறுகிக் கிடந்த அவள் முகம் அப்போதுதான் தளர்ந்தது என்று லொரெய்ன் பிறகு என்னிடம் சொன்னாள். முதலில் அழப்போகிறாளென்றே நினைத்தாளாம்.

"நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து அவ வரக் கூடாதுன்னு ஒண்ணைத்தான்டி வேண்டிக்கிட்டிருந்தேன்," என்றாள் அனெலே. "மத்ததெல்லாம் நான் கேக்காமலே ஆண்டவர் குடுத்தது."

உள்ளே கார்மெலா தனியாக உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். அனெலே தலைமாட்டு நாற்காலியைத் தாண்டிப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார்மெலா நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் முன்னால் இருந்த உலர்ந்த துணியை நடுவில் கிழித்து, பாதியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.